பதக்கமும் பரிந்துரைக்கிற கையும்

(மாதாந்திரக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுகிறவன் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். சோறு போடுவது கவிதை இல்லை. வங்கியில் எழுத்தர் வேலை. நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைய பேச்சும் அந்த மேசையிலிருந்துதான் தொடங்குகிறது.

போன ஆடி மாதம் ஒரு ஆயா வந்தாங்க. சுருக்குப் பையிலிருந்து ஒரு ஜோடிக் கம்மலை எடுத்து வைத்தார்கள். கூடவே ஆறு முனையுள்ள ஒரு நட்சத்திரம். நடுவில் கிரீடம். அப்ரைசர் கம்மலை உரைகல்லில் உரசிப் பார்த்தார். நட்சத்திரத்தை உரசவே இல்லை, விரலால் தள்ளிவிட்டார்.

"இது தங்கம் இல்ல ஆயா. இதுக்குப் பணம் வராது."

"எங்கப்பன் பர்மா சண்டைக்குப் போய் வாங்கினது சார்."

"பர்மாவுக்குப் போன எல்லாருக்கும் குடுத்திருப்பான்" என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. பர்மா ஸ்டார் வீரத்துக்கான விருது அல்ல. அந்தப் போர்முனையில் பணி செய்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் என்னோடு வீடு வரைக்கும் வந்தது. ஏனென்றால் அதை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். "எல்லாருக்கும் குடுத்தா தகுதி என்னாவது? தரம் என்னாவது?" என்று இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

ராணுவப் பதக்கங்களை வாரி வழங்குகிறார்கள், அதனால் மதிப்பு போய்விட்டது என்று உலகம் முழுக்க ஒரு புலம்பல் உண்டு. அதிகம் கேட்பது அமெரிக்காவில். அவர்களுடைய கணக்கையே எடுத்துப் பார்ப்போம். கணக்குப் பார்ப்பது என் தொழில்.

வாரி வழங்கியது உண்மைதான். 1983இல் கிரெனடா என்கிற சின்னஞ்சிறு தீவின்மீது அமெரிக்கா படையெடுத்தது. சில நாட்களில் முடிந்துபோன சண்டை. தீவில் இறங்கிய தரைப்படையினர் ஏறத்தாழ 7,000 பேர். அடுத்த சில மாதங்களில் தரைப்படை கொடுத்த பதக்கங்கள் 8,600க்கும் மேல். ஆளை விடப் பதக்கம் அதிகம்! தீவைக் கண்ணால் பார்க்காமல் தலைமையகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த நாட்டின் ஆக உயர்ந்த பதக்கம் மெடல் ஆஃப் ஆனர். அதன் கதை இன்னும் வேடிக்கை. உள்நாட்டுப் போர்க்காலம், 1863. மெய்ன் மாநிலத்தின் 27ஆம் ரெஜிமென்ட்டுக்குப் பணிக்காலம் முடிகிற நேரம். எதிரிப்படை வடக்கே ஏறி வருகிறது. தலைநகரைக் காக்க இன்னும் சில நாள் தங்கினால் பதக்கம் என்று சொன்னார்கள். சுமார் 300 பேர் தங்கினார்கள். மற்றவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் தங்கியவன் போனவன் எல்லாருக்குமாக 864 பதக்கம் வந்து இறங்கியது. அவர்களுடைய கர்னல், மீந்த பதக்கங்களைத் தன் கொட்டகையில் போட்டு வைத்தார்.

பிறகு வெட்கம் வந்தது. 1916இல் ஒரு சட்டம் போட்டு, ஓய்வுபெற்ற ஐந்து ஜெனரல்களின் குழுவை அமைத்து, அதுவரை தரைப்படை கொடுத்த பதக்கங்களை எல்லாம் ஆராயச் சொன்னார்கள். 1917இல் 911 பெயர்களை அடித்தார்கள். அந்த 864 போயிற்று. லிங்கனின் சவ ஊர்வலத்துக்குக் காவல் போன 29 பேருடையதும் போயிற்று. போர்முனையில் மருத்துவம் பார்த்து, எதிரியிடம் சிறைப்பட்ட டாக்டர் மேரி வாக்கர் என்ற பெண்ணின் பதக்கத்தையும் அடித்தார்கள். அதைத் திரும்பக் கொடுக்க 1977 ஆயிற்று.

சரி, கணக்கை நேர் பண்ணிவிட்டார்கள் என்றுதானே நினைப்போம்? அந்தக் குழு அடிக்காமல் விட்டதைப் பாருங்கள்.

1890 டிசம்பர் 29, உண்டட் நீ. சரணடைந்த லகோட்டா பூர்வகுடிகளை 7ஆம் குதிரைப்படை சுற்றி வளைத்திருந்தது. ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு வெடிச்சத்தம். அவ்வளவுதான். மேட்டின்மேல் நிறுத்தியிருந்த பீரங்கிகள் முழங்கின. செத்தவர்கள் 250லிருந்து 300 வரை இருக்கும் என்கிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள், குழந்தைகள். ஓடினவர்களை விரட்டிப் போய்ச் சுட்டார்கள். இதற்காகச் சுமார் 20 பேருக்கு மெடல் ஆஃப் ஆனர் கொடுத்தார்கள்.

1917 குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெனரல் நெல்சன் மைல்ஸ். 1890இல் அந்தப் பகுதிப் படைகள் முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. நடந்தது படுகொலை என்று சொன்னவர் அவரே. களத்திலிருந்த கர்னலைப் பொறுப்பிலிருந்து நீக்கியவரும் அவரே. அப்படிப்பட்டவரின் குழு கையிலிருந்துகூட அந்த இருபது பதக்கங்களும் தப்பின. சவ ஊர்வலத்தில் நடந்தவன் பதக்கம் செல்லாது. குழந்தையைச் சுட்டவன் பதக்கம் செல்லும். 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தப் படுகொலைக்கு வருத்தம் தெரிவித்தது. பதக்கத்தைத் தொடவில்லை. 2024இல் ஒரு பாதுகாப்பு அமைச்சர் மறுஆய்வுக்கு உத்தரவிட்டார். 2025 செப்டம்பரில் அவருக்கு அடுத்து வந்தவர், பதக்கங்கள் அப்படியே இருக்கும் என்று அறிவித்துவிட்டார்.

இது பேரேட்டின் ஒரு பக்கம். மறுபக்கத்தைப் புரட்டுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்கள் அமெரிக்கப் படைகளில் வேலை செய்தார்கள். அந்தப் போருக்காகக் கொடுத்த மெடல் ஆஃப் ஆனர் நானூறுக்கும் மேல். அதில் கறுப்பருக்கு எத்தனை? சைபர். ஒன்றுகூட இல்லை. 1990களில் ராணுவமே ஒரு பல்கலைக்கழகத்திடம் கேட்டு ஆய்வு நடத்தியது. 1997 ஜனவரியில் ஏழு கறுப்பர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களில் உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவர்தான். 1945 ஏப்ரலில் இத்தாலியில் சண்டையிட்டவர், பதக்கம் வாங்கும்போது வயது 77.

அந்த எழுவரில் ஒருவர் ரூபன் ரிவர்ஸ், டாங்கிப்படை சார்ஜண்ட். காலில் பலத்த காயம். பின்னால் போ என்றார்கள், போகவில்லை. 1944 நவம்பரில் பிரான்சில் செத்தார். அவருடைய கேப்டன் டேவிட் வில்லியம்ஸ் ஒரு வெள்ளையர். அப்போதே இந்தப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தேன் என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார். கோப்பில் அந்தக் காகிதம் இல்லை.

முதல் உலகப் போரின் ஹென்றி ஜான்சன் கதையும் இதேதான். 1918 மே மாதம் இரவுக் காவலில், குண்டு தீர்ந்தபிறகு துப்பாக்கிக் கட்டையாலும் கத்தியாலும் ஜெர்மானியர்களை விரட்டியவர். பிரான்ஸ் உடனே பதக்கம் குத்தியது. சொந்த நாட்டு ராணுவமோ, விடுவிப்புக் காகிதத்தில் அவருடைய காயங்களைக்கூடக் குறிப்பிடவில்லை. 1929இல் செத்துப்போனார். மெடல் ஆஃப் ஆனர் 2015இல் வந்தது.

எழுத்தன் என்கிற முறையில் இந்த இடத்தில் எனக்குக் கை நடுங்குகிறது. ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதாமல் விட்டால் ஒரு மனுஷனுடைய இருபத்தொரு காயமும் இல்லாமல் போய்விடும்.

வீரப் பதக்கம் எப்படி வருகிறது? சண்டை போட்டவன் கேட்டு வாங்குவதில்லை. கண்ணால் கண்டவன் சாட்சி சொல்லணும். மேலதிகாரி எழுதணும். அதற்கும் மேலே இருப்பவன் ஒப்புதல் போடணும். ஒவ்வொரு படியிலும் ஒரு கை. வீரத்தை மட்டுமல்ல, அந்தக் கைகளையும் சேர்த்துத்தான் பதக்கம் அளக்கிறது. ஆகவே பதக்கம் மலிந்துவிட்டதா என்பது அரைக் கேள்வி. யாருக்கு மலிவு, யாருக்குப் பஞ்சம் என்பதுதான் முழுக் கேள்வி. எழுதுகிறவனும் எழுதப்படுகிறவனும் ஒரே இனமாக இருந்தால் கிரெனடா. வேறாக இருந்தால் கோப்பில் காகிதம் இல்லை.

இங்கே ஒரு தோழர் முகத்தைச் சுளிக்கிறார். புரிகிறது. "ஆண்டைக்குச் சண்டை போட்டு வாங்குற பதக்கம் நமக்கெதுக்கு?" ஞாயமான கேள்வி. ஹென்றி ஜான்சன் சுட்டதும் தன்னைப்போல ஒரு ஏழையைத்தானே? இதற்கு என்னிடம் ஒரே மூச்சில் பதிலில்லை. ஆனால் கோரேகான் இருக்கிறது.

1818 ஜனவரி 1 சண்டையில் பேஷ்வா படைக்கு எதிராக நின்று செத்தவர்களின் பெயர்களைக் கும்பினிக்காரன் அங்கே கல்லில் வெட்டினான். இருபதுக்கும் மேற்பட்டவை மகர் பெயர்கள். அந்தக் கல் நின்றுகொண்டிருக்கும்போதே, 1890களில், மகர்கள் போர்ச்சாதி இல்லை என்று ராணுவக் கதவைச் சாத்தினான் அதே வெள்ளைக்காரன். கல்லில் பேர், வாசலில் பூட்டு. சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அந்தக் கல் முன்னால் போய் நின்றார். கும்பினி தன் வெற்றிக்கு நட்ட கல்லை நம்முடைய சாட்சியமாகத் திருப்பிப் படித்தார். மகர் ரெஜிமென்ட் 1941இல் வந்தது. 1943இல் தொடங்கிய சமார் ரெஜிமென்ட்டையோ 1946இல் கலைத்தே விட்டார்கள். புகழ்ச்சி வேறு, உரிமை வேறு. புகழ்ச்சியை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வான்.

அதனால் நான் நமக்குப் பதக்கம் கேட்கவில்லை. உண்டட் நீயின் பதக்கங்களை அடிக்கச் சொல்கிறேன். எழுதாமல் விட்ட வரியை எழுதச் சொல்கிறேன்.

அந்த ஆயாவுக்குக் கம்மலுக்கு மட்டும் கடன் கிடைத்தது. நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "பின்னால எங்கப்பன் பேரு இருக்கா பாரு தம்பி" என்றார்கள். திருப்பிப் பார்த்தேன். மழுமழுவென்று தேய்ந்து கிடந்தது. "இல்ல ஆயா" என்றேன். வேறென்ன சொல்வது? பணத்தை எண்ணி முடிச்சுப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவர் பெயரென்ன, எந்தப் படை என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. வரிசையில் அடுத்த ஆள் நின்றிருந்தார்.

நானும் எழுதாமல் விட்ட கைதான் தோழர்களே.

உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் காகிதம், துருப்பிடித்த பதக்கம் ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுகிறதுக்கு முன்னால் பேரையும் ஊரையும் எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பரிந்துரைக்கிற கை நம்முடையதாகவும் இருக்கட்டும்.

ஜெய்பீம்.