குறைந்த விலை, குறையாத தரம்: நாப்போலி நகரின் சின்னப் பீட்சாக் கடைகள் சொல்லும் கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உணவுத் தொழில் செய்யும் உறுப்பினர்களுக்காக ஆற்றிய உரை)



உணவுத் தொழில் செய்கிற குழுக்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். இட்லிக் கடை, பலகாரம், மதியச் சாப்பாடு, சிறுதானிய மாவு என்று நம் உறுப்பினர்கள் பலர் தொழில் செய்கிறார்கள். யாரைக் கேட்டாலும் ஒரே கவலைதான். விலையைக் குறைத்தால் கட்டுப்படியாகவில்லை, ஏற்றினால் ஆள் வருவதில்லை. இந்தக் கவலைக்குத் தலைமுறை தலைமுறையாகப் பதில் தேடிய ஓர் ஊர் இருக்கிறது. இத்தாலி நாட்டின் தெற்குப் பக்கம், கடலோரத்தில் உள்ள நாப்போலி. ஆங்கிலத்தில் நேப்பிள்ஸ் என்பார்கள். இன்று உலகமெல்லாம் சாப்பிடுகிற பீட்சா வளர்ந்த ஊர் அது.

"பீட்சாவா? அது காசுள்ளவங்க பண்டமாச்சே, நமக்கு எதுக்குங்க?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். நம் ஊரில் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு பீட்சா கேட்டால் விலைப் பலகையைப் பார்த்து நமக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வளர்ந்த ஊரில் அது கூலிக்காரர்கள், மீனவர்கள், சுமை தூக்குகிறவர்கள் சாப்பிட்ட ஏழைச் சாப்பாடு.

இதை எழுதி வைத்தவர் ஒரு பெண். மத்தில்தே செராவோ என்று பெயர். பத்திரிகையாளர். பின்னாளில் சொந்தமாகவே நாளிதழ் தொடங்கி நடத்தியவர். 1884இல் நாப்போலி ஏழை மக்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பீட்சாவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டு ஒரு சோல்டோ என்று தெருமுனையில் விற்பார்களாம். ஒரு சோல்டோ என்றால் ஐந்து காசு. இருபது சோல்டோ சேர்ந்தால்தான் ஒரு லிரா. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இரண்டு காசுக்கும் சின்னத் துண்டு உண்டு. கவனியுங்கள், இரண்டு காசு வைத்திருக்கிற பிள்ளைக்கும் அந்தக் கடையில் ஏதோ ஒன்று இருந்தது. பொருளை மட்டமாக்கவில்லை, அளவைச் சின்னதாக்கினார்கள்.

அதே புத்தகத்தில் இன்னொரு செய்தியும் வருகிறது. நாப்போலிக்காரர் ஒருவர், ரோம் நகரத்தில் நம் ஊர் ஆட்கள் நிறைய இருக்கிறார்களே என்று கணக்குப் போட்டு அங்கே போய்ப் பீட்சாக் கடை திறந்தார். முதலில் கூட்டம் வந்தது. அப்புறம் குறைந்தது. கடைசியில் கடை நொடித்துப் போனது. சொந்தத் தெருவில் ஓடுகிற பண்டம் இன்னொரு ஊரில் ஓடும் என்று சொல்ல முடியாது. யாருக்கு விற்கிறோம், அவர்கள் கையில் எவ்வளவு காசு புழங்குகிறது, எந்த நேரத்தில் பசிக்கும் என்பதெல்லாம் அக்கம்பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் தெரியும். நம்மைப் போலத் தெருவிலேயே கடை போடுகிறவர்களுக்கு இருக்கிற பெரிய முதல் அதுதான். அதற்கு எந்த வங்கியும் கடன் கொடுக்க முடியாது.

சரி, குறைந்த விலையில் எப்படிக் கொடுத்தார்கள்? முதல் காரணம், பட்டியல் சின்னது. நாப்போலியில் 'தா மிக்கேலே' என்று ஒரு கடை. 1870இலிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. நெடுங்காலம் அங்கே இரண்டே வகைதான். ஒன்று மரினாரா: தக்காளி, பூண்டு, ஒரேகானோ என்ற மூலிகை இலை, எண்ணெய். இதில் சீஸே கிடையாது. இன்னொன்று மார்கெரிட்டா: தக்காளி, மொட்சரெல்லா சீஸ், நம் துளசிக்குச் சொந்தமான பேசில் இலை, எண்ணெய். அவ்வளவுதான். இரண்டு வகைக்கும் ஒரே மாவு, ஒரே தக்காளி. ஒன்று விற்காவிட்டால் இன்னொன்றுக்கு ஆகும். மீந்து போய்க் குப்பையில் கொட்டுவது குறையும். நம் கடைகளில் என்ன நடக்கிறது? பக்கத்துக் கடையில் பரோட்டா போட்டால் நாமும் போடுகிறோம். அவர்கள் நூடுல்ஸ் போட்டால் நாமும் போடுகிறோம். பதினைந்து வகை எழுதி வைத்து, ஐந்து வகை விற்று, மிச்சத்தை வீட்டில் நாமே சாப்பிடுகிறோம். அந்த மிச்சத்தின் விலையும் விற்ற ஐந்து வகை மேலேதான் ஏறுகிறது.

இரண்டாவது காரணம், வேகம். நாப்போலிப் பீட்சாவை விறகு அடுப்பில் சுடுகிறார்கள். அடுப்புக்குள்ளே சூடு சுமார் 485 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் ஒரு பீட்சா வேக 60 முதல் 90 வினாடி போதும். ஒன்றரை நிமிஷம் என்றே வைத்தாலும், அடுப்பில் ஒரு பீட்சா வைக்கிற இடத்தில் ஒரு மணி நேரத்தில் 40 பீட்சா வரை சுடலாம். வந்தவர் காத்திருக்காமல் சாப்பிட்டு எழுந்து போவார், அடுத்தவர் உட்காருவார். சின்னக் கடைக்கு வாடகை கட்டுப்படியாவது இப்படித்தான். ஒரு தட்டில் லாபம் கொஞ்சம், தட்டுகளோ நிறைய.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்கள் மாவில் போடுவது நான்கே பொருள்: கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். ஈஸ்ட்டும் துளிதான். பிசைந்து 8 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை புளிக்க விடுகிறார்கள். ருசியும் மென்மையும் அந்தக் காத்திருப்பில் வருகிறது. இது நமக்குப் புதுசு இல்லைங்க. ராத்திரி ஆட்டி வைத்த மாவு காலையில் பொங்கி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சோடா மாவு போட்டு அவசரமாகப் பொங்க வைத்த மாவுக்கும் தானாகப் புளித்த மாவுக்கும் வித்தியாசம் நம் நாக்குக்குத் தெரியும். அதை வாங்குகிறவருக்கும் தெரியும். நேரம் என்பது காசு கொடுத்து வாங்க வேண்டாத மூலப்பொருள்.

இப்படி வளர்ந்த தொழிலை அவர்கள் காப்பாற்றியது எப்படி என்பதையும் சொல்லவேண்டும். உலகம் முழுக்கப் பீட்சா பரவி, ஆளாளுக்கு ஒரு மாதிரி செய்து அதே பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். 1984இல் நாப்போலியின் பழைய பீட்சா மாஸ்டர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்து விதிகளை எழுதினார்கள். மாவைக் கையால்தான் விரிக்க வேண்டும், உருட்டுக் கட்டை கூடாது. குறுக்களவு 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இப்படி ஒவ்வொன்றாக. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் நாப்போலிப் பீட்சாவை மரபு உணவாகப் பதிவு செய்தது. 2017இல் யுனெஸ்கோ, அந்த ஊர்ப் பீட்சா மாஸ்டர்களின் கலையை மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்துகளில் ஒன்றாகச் சேர்த்தது. தனித்தனியாக ஒரு கடைக்காரரால் இதைச் சாதித்திருக்க முடியுமா? நம் கூட்டமைப்பும் அதே பலம்தான். பத்துக் குழு சேர்ந்து முறுக்குப் போட்டால், எண்ணெய் எத்தனை முறை காயலாம், உப்பு எவ்வளவு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் அதன்படி நடந்தால், எந்தக் குழுவின் பாக்கெட்டை எடுத்தாலும் வாங்குகிறவர் நம்பி வாங்குவார்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் நாப்போலி மீது கடுமையாகக் குண்டு போட்டார்கள். வீடு போனது, வேலை போனது. விறகு அடுப்பும் சீஸும் வைத்துப் பீட்சா சுடுவது எல்லாருக்கும் முடியாத காரியமாகிவிட்டது. அப்போது கைகொடுத்தது பொரித்த பீட்சா. அதற்குப் பெரிய அடுப்பு வேண்டாம். ஒரு வாணலி எண்ணெய் இருந்தால் போதும். மாவை விரித்து, கிடைத்ததை உள்ளே வைத்து மடித்துப் போட்டால் பூரி மாதிரி உப்பி வரும். கொஞ்ச மாவு, பார்க்கப் பெரிசு, வயிறும் நிறையும். இதைத் தெருவில் விற்றவர்களில் பெண்கள் நிறையப் பேர். அந்த ஊரில் தெருவோடு ஒட்டிய கீழ்த்தள ஒற்றை அறை வீடுகளை 'பாஸ்ஸோ' என்பார்கள். அந்த வாசலிலேயே அடுப்பு வைத்தார்கள்.

அதற்கு ஒரு பெயரும் உண்டு. 'எட்டு நாள் பீட்சா'. இன்றைக்குச் சாப்பிடு, எட்டு நாள் கழித்துக் காசு கொடு. 1954இல் வந்த 'நாப்போலியின் தங்கம்' என்ற இத்தாலியப் படத்தில் சோபியா லாரன் இப்படிப்பட்ட பீட்சாக்காரியாக நடித்தார். அந்தப் பகுதிக்குத் தலைப்பே 'கடனுக்குப் பீட்சா' என்பதுதான்.

கடன் கொடுத்து விற்கிறது நல்லதா கெட்டதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 30 தட்டு, தட்டு 20 ரூபாய், எட்டு நாள் கடன் என்றால் 30 பெருக்கல் 20 பெருக்கல் 8, மொத்தம் 4,800 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். அந்தப் பணம் போனதாக அர்த்தமில்லை, ஆனால் கையிலும் இல்லை. இதைத் தெரிந்து கொடுத்தால் வியாபாரம். தெரியாமல் கொடுத்தால் ஒரு மாதத்தில் அரிசி வாங்கக் காசிருக்காது. கடனுக்கு ஒரு வரம்பு, ஒரு நோட்டு, ஒரு வசூல் நாள் வேண்டும். வெளியே நிற்கும் தொகைக்குக் குழுவின் உள்கடனை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கந்துவட்டிக்காரரிடம் போகாதீர்கள்.

இன்னொரு விஷயம். அடுப்பு வைத்த கடையின் மாஸ்டர் என்றால் ஆண், வாசலில் பொரித்து விற்றால் அது வீட்டு வேலையின் நீட்சி. நீண்ட காலம் அங்கே அப்படித்தான் பார்த்தார்கள். அந்தத் தொழிலுக்கு வழங்கும் பெயரே ஆண்பால் பெயர். மெதுவாகத்தான் மாறியது. 2015இல் நாப்போலியில் நடந்த பீட்சா மாஸ்டர்களின் உலகப் போட்டியில் தெரேசா இயோரியோ என்ற பெண் பட்டம் வென்றார்.

நம் வீட்டிலும் இதே கதைதானே? "அவ சும்மா நாலு இட்லி சுட்டு விக்கிறா" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் சொல்வது இருக்கட்டும். நாமே நம் நோட்டில் என்ன எழுதுகிறோம்? ஒரு உதாரணக் கணக்கு. 60 தட்டு, தட்டு 25 ரூபாய், வரவு 1,500. மளிகை 900, கேஸ் 150, இதர செலவு 100. மிச்சம் 350. இதை லாபம் என்று எழுதுகிறோம். ஊறப்போட்டு, ஆட்டி, சுட்டு, பாத்திரம் கழுவி நீங்கள் 6 மணி நேரம். கூடமாட மாமியாரோ மகளோ 3 மணி நேரம். மொத்தம் 9 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் கூலி என்று வைத்தாலே 450 ஆகிறது. அப்படியானால் லாபம் 350 இல்லை, 100 ரூபாய் நஷ்டம்! அந்த நஷ்டத்தை நம் இடுப்பும் முதுகும் கட்டிக்கொண்டிருக்கிறது.

விலை குறைவு நல்லதுதான். இரண்டு காசுப் பிள்ளைக்கும் சாப்பாடு கிடைக்க வேண்டும். ஆனால் அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சின்னப் பட்டியலில் இருந்து வரட்டும், மீதமாகாத மாவில் இருந்து வரட்டும், சேர்ந்து மொத்தமாக வாங்குவதில் இருந்து வரட்டும். உங்கள் கூலியை எழுதாமல் விடுவதில் இருந்து வரக் கூடாது. நான் சொன்ன கணக்கில் அந்த 100 ரூபாயை, விற்காத வகைகளை நிறுத்தி மிச்சம் பிடிக்கலாம். முடியாவிட்டால் தட்டுக்கு 2 ரூபாய் ஏற்றினால் 120 ரூபாய் வரும். ருசி தெரிந்த வாடிக்கையாளர் 2 ரூபாய்க்காக ஓடிவிட மாட்டார்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு வேலை தருகிறேன். உணவுத் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் ஒரு வாரக் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள். செலவுப் பக்கத்தில் முதல் வரியாக 'என் கூலி' என்று எழுதுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அதற்குக் கீழே வரட்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சகோதரி எழுதிக் கொடுங்கள். அதை நடுவில் வைத்து, எந்த வகையை நிறுத்தலாம், எதன் விலையை மாற்றலாம் என்று குழுவாக உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.