கிணறும் குழியும்

(கிளிநொச்சியில் தொழிலாளர் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரை)



லயத்தில் பல வீடுகளுக்கு ஒரு கக்கூஸ் என்று காத்து நின்றவர்கள் நாம். 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறினோம். இங்கே குழியும் நமது வளவில், கிணறும் நமது வளவில்.

நமது கிராமங்களில் வீதிக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் கிடையாது. மலசலகூடத் தாங்கியில் கழிவு அடியில் படியும். மேல்நீர் ஊறுகுழிக்குப் போய் மண்ணில் இறங்கும். தாங்கி கசிந்தாலோ, குழி கிணற்றை ஒட்டி இருந்தாலோ அந்த நீரைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள். மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்போது ஆபத்து இன்னும் கூடும்.

ஊறுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 18 மீற்றர், ஏறக்குறைய 60 அடி, இருக்க வேண்டும் என்கிறது இலங்கைத் தரநியமம். அடுத்த வளவுக் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். வெட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுவோம்.

விதி நியாயமானது. ஆனால் கட்டிட அனுமதிக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் காணிப் பத்திரம் வேண்டும். தலைமுறை கடந்தும் நம்மில் பலரிடம் அது இல்லை. ஒடுங்கிய வளவில் 60 அடிக்கும் இடமில்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று: குடியிருக்கும் காணிக்குப் பத்திரம், சிறிய வளவுகளுக்குச் சேர்ந்து பாவிக்கும் தாங்கி, தாங்கி இறைக்கும் பவுசருக்குக் கூலியாட்கள் கட்டக்கூடிய கட்டணம்.

இந்த மனுவில் எல்லோரும் கையெழுத்திடுவோம். அதுவரை, குழி வெட்டுகிறவர் அயல்வீட்டாரையும் கூப்பிட்டு அளந்துவிட்டே மண்வெட்டியைப் பிடிப்போம்.