டி லனாய் என்னும் குடும்பப் பெயர்

வெளிமாநிலங்களில் படிவம் நிரப்பும் தமிழராகிய நாம், 'குடும்பப் பெயர்' என்னுமிடத்தில் எழுதுகோலை நிறுத்திவிடுகிறோம். தந்தை பெயரை எழுதினாலோ, அலுவலகத்தார் நம்மைத் தந்தையார் பெயராலேயே விளிக்கின்றனர்! ஊர்ப்பெயரை எழுதுவோரும் உளர். பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களுள்ளும் பல ஊர்ப்பெயராய்ப் பிறந்தவையே.

யாம் வாழும் ஸ்ரீவராகம், வராகமூர்த்தி கோயிலால் பெயர் பெற்றது. இங்கிருந்து தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டையில், அத்தகைய பிரெஞ்சுப் பெயரொன்று கல்லறையில் நிற்கிறது. இலத்தீனும் தமிழும் அதிற் பொறிக்கப்பெற்றுள்ளன. 1741-இல் குளச்சற் போரில் சிறைப்பட்டு, பின்னர் மார்த்தாண்டவர்மரின் படையைப் பயிற்றுவித்து, 1777-இல் மறைந்த டி லனாயின் கல்லறை அது. டச்சுக் கம்பெனியின் படைவீரராக வந்தவராயினும், அவர் பெயர் பிரெஞ்சே. 'டி' என்பது 'இன்ன ஊரினர்' எனப் பொருள்படும். லனாய், பிரான்சு நாட்டு லில் நகரருகே உள்ள சிற்றூர். அவ்வூர்ப்பெயரோ, ஈரநிலத்தில் வளரும் ஆல்டர் என்னும் மரங்களின் தோப்பைக் குறிப்பது. நம் ஆலங்காடும் மாங்காடும் போலத்தான்!

அதே பெயர் தாங்கி 1621-இல் அமெரிக்கா சென்றடைந்த பிலிப் என்பாரின் வழியினரிடம் அது 'டெலனோ' எனத் திரிந்தது. அதிபர் ஃபிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட் அதனைத் தாய்வழியிற் பெற்றார். திருவிதாங்கூர் மக்களோ தம் தளபதியை 'வலிய கப்பித்தான்' என்றே வழங்கினர்.