பிளக் சொல்லும் சேதி

அமெரிக்காவின் விஸ்கான்சின் ஏரி ஒன்றில், கொளுத்தும் வெயிலில், காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் படகு வலித்துப் போனாராம் ஓலே எவின்ரூட். திரும்புவதற்குள் எல்லாம் உருகிவிட்டது. பிறகு 1909-இல் மில்வாக்கியில் படகு மோட்டார் விற்கத் தொடங்கினார்.

அப்படிப்பட்ட பழைய மோட்டார் கிளம்பவில்லையா? கயிற்றை இழுத்துத் தோளை நோகடிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். நனைந்திருந்தால் தீப்பொறி வருகிறதா என்று சோதியுங்கள். வராவிட்டால் ஃப்ளைவீலுக்கு அடியிலுள்ள காண்டாக்ட் பாயிண்டைத் துடையுங்கள். ஓடும்போது தும்மினால் பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரின் ஊசித் திருகைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். புகைந்து திணறினால் கொஞ்சம் மூடுங்கள்.

ஒருத்தர் பெருமையடித்தார்: “தாத்தா காலத்து மோட்டார், ஒரே இழுப்பில் கிளம்பும்!”

“எங்கே, இழுங்க பார்ப்போம்.”

“நான் இழுத்தா இல்லைங்க... தாத்தா இழுத்தா!”