பண்பாட்டின் பெயரால் பேசுவது யார்?



ஒழுக்கம் உலகனைத்துக்கும் பொதுவா, பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடுவதா என்ற கேள்விக்குள்ளேயே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: பண்பாடு ஒரே குரலில் பேசுகிறது என்பதே அது. பம்பாயில் நடந்த ஒரு வழக்கு அதைத் தகர்க்கிறது.

ருக்மாபாய்க்கு 11 வயதில் திருமணம் நடந்தது. ஆனால் கணவர் வீட்டுக்குச் செல்லாமல் தாய்வீட்டிலேயே தங்கிப் படித்தார். மனைவி தம்முடன் வந்து வாழ உத்தரவிடக் கோரி 1884இல் கணவர் வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில், சம்மதமின்றி நடந்த திருமணம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார் ருக்மாபாய். 1885இல் நீதிபதி பின்ஹே கணவரின் கோரிக்கையை நிராகரித்தார். மேல்முறையீட்டுக்குப்பின் 1887இல் தீர்ப்பு தலைகீழானது: கணவருடன் செல்லவேண்டும், இல்லையேல் 6 மாதச் சிறை. சிறைக்கே செல்வதாக அவர் அறிவித்தார்.

இந்து தர்மத்துக்கு ஆபத்து என்று திலகர் உள்ளிட்டோர் முழங்கினர். வேடிக்கை என்னவெனில், அவர்கள் காக்க முனைந்த அந்தப் பரிகாரம் இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் பிறந்தது. இந்துச் சட்டத்தில் இதற்கு அடிப்படை இல்லை என்று பின்ஹேயே சுட்டிக்காட்டியிருந்தார். இங்கிலாந்திலோ, இதற்காகச் சிறையிலிடும் வழக்கம் 1884லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. அங்கே கைவிடப்பட்ட தண்டனை இங்கே மரபின் காவலனாயிற்று!

காலனிய நீதிமன்றமும் உள்ளூர் ஆணாதிக்கமும் ஒரே அணியில் நின்றன. எதிரே நின்றவர், ‘ஓர் இந்துப் பெண்’ என்ற புனைபெயரில் குழந்தைத் திருமணத்தைக் கண்டித்து நாளிதழில் எழுதியவர். அவருடைய மறுப்பு மட்டும் இந்தியப் பண்பாடு ஆகாதா?

என்றென்றைக்குமான ஒழுக்கவிதி எதுவுமில்லை, இதுவரையிலான ஒழுக்கம் வர்க்க ஒழுக்கமே என்று ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலில் எங்கெல்ஸ் வாதிட்டார். இதைக் கொண்டு, அவரவர் ஒழுக்கம் அவரவர்க்கு என்று முடிவுகட்டுவோர் நம்மிடையேயும் உண்டு. ஒழுக்கத்திலும் முன்னேற்றம் நிகழ்ந்துள்ளதை எங்கெல்ஸ் அதே இடத்தில் ஏற்றுக்கொண்டதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அந்த முன்னேற்றம் வானிலிருந்து இறங்குவதன்று. ஒடுக்கப்பட்டவர் ‘முடியாது’ என்று சொல்லும்போது அது தொடங்குகிறது. அச்சொல் எம்மொழியில் எழுந்தாலும் பிறநாட்டு ஒடுக்கப்பட்டோருக்கு விளங்குகிறது.

1888இல் கணவருக்கு 2,000 ரூபாய் கொடுத்து வழக்கு முடிக்கப்பட்டது. ருக்மாபாய் லண்டனில் மருத்துவம் பயின்று திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பணியாற்றினார். சட்டம் மட்டும் அகலவில்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 9ஆம் பிரிவாக அது குடியேறியது. 1983இல் ஆந்திர உயர்நீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது. மறு ஆண்டே உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. அதை நீக்கக் கோரினால், குடும்பப் பண்பாடு சிதைந்துவிடும் என்கிறார்கள். எந்த நாட்டுத் திருச்சபையின் பண்பாடு என்று அவர்களைக் கேட்கும் பொறுப்பை மாதர் அரங்கத் தோழர்களிடம் மட்டும் விட்டுவிடலாகாது.