தபாலில் படிப்பவர்க்கு உபகாரச் சம்பளம் ஏன் இல்லை?



காலேஜுக்கு நேரில் போகாமல், தபால் மூலமும் தொலைதூரக் கல்வி மூலமும் படிக்கிற ஏழைகளுக்கு உபகாரச் சம்பளம் மறுக்கப்படுவது எந்த நியாயத்தைக் கொண்டு என்பதுதான் இன்று என் பேச்சு.

இந்தப் படிப்பு புதிதல்ல. டில்லி சர்வகலாசாலை 1962இலேயே இதைத் துவக்கிற்று. வேலைக்குப் போகிறவனும், வீட்டைவிட்டு வெளிக் கிளம்ப முடியாத பெண்ணும் படிக்கட்டும் என்றுதானே ஏற்படுத்தினார்கள்? நிற்க.

2022 செப்டம்பரில் இரண்டு காரியங்கள் நடந்தன. அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் படிப்பின் பட்டமும், நேரில் படித்து வாங்கும் பட்டமும் சமமே என்று யு.ஜி.சி. தெரிவித்தது. அதே மாதத்தில் தமிழ்நாட்டில் புதுமைப் பெண் திட்டம் துவங்கிற்று. சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த பெண், மேல்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விதியில் என்ன கண்டது? தபால் வழியில் படிப்பவளுக்கு இல்லை என்று கண்டது! பட்டம் மட்டும் சமம், படித்தவள் சமமில்லையா?

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சர்க்கார் பள்ளியில் படித்தவள். தகப்பன் படுக்கையில் விழுந்ததால் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். இரவில் படிக்கிறாள். பஸ்ஸேறிக் காலேஜுக்குப் போகக்கூடிய தோழிக்குப் பணம் உண்டு. அதற்கும் வழியில்லாத இவளுக்குக் கிடையாது. இதற்கு ஏழைக்கு உதவி என்று பெயர்!

"அவள்தான் சம்பாதிக்கிறாளே" என்பார்கள். அந்தக் கூலி அரிசிக்கும் மருந்துக்கும் போனபின் புஸ்தகத்துக்கு என்ன மிஞ்சும்? "பெயரைப் பதிந்துவிட்டுப் படிக்காமல் பணம் வாங்குவார்கள்" என்பது மற்றொரு வாதம். அப்படியானால் பரீட்சை எழுதித் தேறிய பிறகு கொடுங்களேன்! காலேஜுக்குப் போகிறவர்கள் மட்டும் எல்லோரும் படித்துக் கிழிக்கிறார்களோ?

முடியாத காரியமும் அல்ல. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவருக்கான மெட்ரிக்குக்குப் பிந்திய உபகாரச் சம்பளத்தில், 2010இல் திருத்திய விதிப்படி, தபாலில் படிப்பவர்க்கும் படிப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு புஸ்தகத்துக்கு வருஷம் 1,200 ரூபாயும் உண்டு என்றிருந்தது. தொகை சொற்பம்தான். ஆனால் அதை எழுதியவனுக்கு இப்படியும் ஒரு மாணவன் இருக்கிறான் என்பது தெரிந்திருந்தது.

ஆகவே தோழர்களே, எதற்கு மனுப்போடுவதானாலும் "தொலைதூர", "தபால்" என்ற சொற்கள் விதியில் எந்த இடத்தில் வருகின்றன என்று முதலில் பாருங்கள். நீங்கள் சேரப்போகும் படிப்புக்கு அந்த வருஷத்திற்கு யு.ஜி.சி. அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். கட்டிய ரசீதையும் பத்திரமாய் வைத்துக்கொள்ளுங்கள்.