அம்மாவின் கைபேசி

(சிங்காநல்லூர்ப் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிள்ளைகளுக்குக் கைபேசியைப் பாதுகாப்பாக அமைத்துத் தருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டுப்பாடம் அனுப்புவதற்காகப் பெற்றோரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். பள்ளி திறந்த பிறகும் அதைக் கலைக்கவில்லை. ஆண்டுதோறும் புதிய பெற்றோரை அதிலேயே சேர்த்து வந்தேன். யார் யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஐந்தாம் வகுப்பில் எப்போதும் முதலில் கை தூக்கும் ஒரு மாணவி, திடீரென்று பேசுவதை நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் மதியம் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். குழுவில் இருந்த ஓர் எண்ணிலிருந்து இரவில் செய்தி வந்திருக்கிறது. முதலில் "சாப்பிட்டியா". பிறகு "உன் போட்டோ அனுப்பு". அவள் அம்மா மில்லில் இரவு ஷிப்ட். உள்ளே கைபேசி கொண்டுபோக முடியாததால் வீட்டில் வைத்துவிட்டுப் போவார்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லலை?" என்றேன். "சொன்னா போனைப் புடுங்கிக்குவாங்க டீச்சர்" என்றாள்.

மறுநாள் அம்மா வந்தார். "ஏனுங்க டீச்சர், உங்க குரூப்புதானேன்னு நம்பித்தானுங்க விட்டுட்டுப் போனேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். தலைமையாசிரியரும் நானும் அம்மாவுடன் சென்று காவல்துறையில் புகார் கொடுத்தோம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலும் நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் தகவல் தர வேண்டும். "பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்று மறைக்க நமக்கு உரிமை இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கு 1930. இரண்டையும் வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அதன் பிறகுதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். கற்றதைப் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவர் கைபேசியையும் வாங்கிச் செய்து காட்டுகிறேன்.

பிள்ளைக்கென்று தனிக் கைபேசியோ டேப்லெட்டோ இருந்தால் கூகுள் ஃபேமிலி லிங்க் போதும். பிள்ளையின் உண்மையான வயதைக் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும். எந்தச் செயலியை இறக்கலாம், நாளுக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதை அம்மா தன் கைபேசியிலிருந்தே முடிவு செய்யலாம்.

ஆனால் நம் பிள்ளைகளில் பலர் கையில் இருப்பது அம்மாவின் கைபேசி. அதற்கு வேறு வழி. முதலாவது, திரைப்பூட்டின் எண்ணும் யுபிஐ எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டாவது பிள்ளைக்குத் தெரியவே கூடாது. இரண்டாவது, பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் பேரன்டல் கண்ட்ரோல்ஸை இயக்கி, பணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். மூன்றாவது, சிறு பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ். நான்காவது, செட்டிங்ஸில் 'ஆப் பின்னிங்' என்று ஒன்று உண்டு. விடுவிக்கும்போது பூட்டு எண் கேட்கும்படி அமைத்துவிட்டு, பாடச் செயலியைத் திறந்து அதைப் பின் செய்து கொடுத்தால், அந்த எண் இல்லாமல் பிள்ளை வேறெங்கும் போக முடியாது. ஐந்தாவது, வாட்ஸ்அப் பிரைவசியில், தெரிந்தவர்கள் மட்டுமே குழுவில் சேர்க்கவும் முகப்புப் படத்தைப் பார்க்கவும் முடியும்படி மாற்றுங்கள். வாட்ஸ்அப்புக்குக் குறைந்தபட்ச வயது 13 என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். அம்மா வெளியே போகும்போது வாட்ஸ்அப்பைப் பூட்டிவிட்டுப் போகலாம்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. குழுவில் அட்மின் மட்டும் பேசலாம் என்று மாற்றினாலும் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். இப்போது நான் பிராட்காஸ்ட் பட்டியல் பயன்படுத்துகிறேன். பெற்றோர் என் எண்ணைச் சேமித்திருந்தால் போதும், செய்தி போய்ச் சேரும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது.

இத்தனை பூட்டுப் போட்டாலும் ஏதோ ஒரு வழியில் ஒரு செய்தி வரத்தான் செய்யும். அப்போது பிள்ளை நம்மிடம் ஓடி வர வேண்டும். அதனால் பெற்றோர் கூட்டத்தில் கடைசியாக ஒன்று கேட்கிறேன். பிள்ளையை எதிரில் நிறுத்தி, "என்ன வந்தாலும் எங்கிட்ட சொல்லு கண்ணு, போனைப் புடுங்க மாட்டேன்" என்று சொல்லச் சொல்கிறேன். அந்த மாணவியின் அம்மாதான் அதை முதலில் சொன்னவர். சில வாரங்கள் கழித்து அவள் மறுபடியும் வகுப்பில் கை தூக்கினாள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வகுப்புக் குழுவைத் திறந்து, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.